கூடைக்குக் காவல்

கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை, திருக்குடும்ப விழாவன்று, உடன்பிறந்தோர் அனைவரும் அம்மாவின் வீட்டில் ஒன்றுகூடி உண்பது எங்கள் குடும்பத்தில் நெடுநாளைய வழக்கம். அம்பத்தூரில் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து ஓய்வுபெற்ற அப்பா ஏற்படுத்திய வழக்கம் அது. அவர் இறைவனடி சேர்ந்த பின்னும் அது அறுபடவில்லை. எங்கள் மூவருள் மூத்தவர் அம்மாவோடு அம்பத்தூரிலேயே இருக்க, நடுவில் பிறந்த சகோதரி மணமாகிப் பூந்தமல்லியிலும், இளையவர் ஆவடியிலும் குடும்பம் நடத்தி வருகிறோம். தொலைவு அதிகமில்லை, ஆயினும் ஆளுக்கொரு வேலை, பிள்ளைகளுக்கோ ஆளுக்கொரு தேர்வு. ஆகவே ஆண்டில் இந்த ஒரு நாளையேனும் விட்டுவிடக் கூடாது என்று உறுதியாக இருக்கிறோம்.

2025-ஆம் ஆண்டு அவ்விழா டிசம்பர் 28-ஆம் நாள் வந்தது. திருப்பலி கண்டு, உணவு முடித்து, கூடத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தோம். பிள்ளைகள் நால்வரும் ஒரே கைப்பேசியைச் சூழ்ந்துகொண்டு ஆரவாரம் செய்தனர். அந்த மாதத் தொடக்கத்தில்தான் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா என்னும் கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டிருந்தது. அறுபத்து நான்கு ஏக்கர் பரப்பில், நாற்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். அவற்றுள் ‘தஞ்சோரா’ என்று ஒன்று. வழக்கமான ரோலர் கோஸ்டரில் தண்டவாளம் காலுக்குக் கீழே இருக்கும். இதிலோ தண்டவாளம் தலைக்கு மேலே. இருக்கைகள் அதிலிருந்து தொங்குகின்றன. அமர்ந்தவரின் கால்கள் அந்தரத்தில் ஆடுகின்றன. “இதில் ஏறாமல் பள்ளி திறக்கக் கூடாது!” என்று ஆவடிப் பேரன் அறிவித்தான்.

“இதென்ன பெரிது! எங்கள் காலத்தில் நாங்கள் காணாத பூங்காவா?” என்று எங்களுள் ஒருவர் வாய் திறந்ததுதான் தாமதம், பேச்சு பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அன்று மாலை விளக்கேற்றும் வரை, இன்று இல்லாமற்போன இடங்களையும் விளையாட்டுகளையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்படிப் பேசுவது எங்களுக்கு மட்டும் உரிய பித்து அன்று. அமெரிக்க நாட்டில் இதற்கெனவே ரசிகர்கள் கூட்டம் இருக்கிறது. புளோரிடாவிலுள்ள டிஸ்னி பூங்காவில் 1971 முதல் ஓடிக்கொண்டிருந்த ‘மிஸ்டர் டோட்’ என்னும் வண்டி விளையாட்டை 1998-இல் மூடப்போவதாக அறிவித்தபோது, வளர்ந்த மனிதர்களே திரண்டு வந்து அதை மூடக் கூடாது என்று மறுப்புத் தெரிவித்தார்கள். மூடியபின் ஆண்டுகள் பல சென்றும் அதன் நினைவைப் போற்றி வருகிறார்கள். இரும்பும் மரமும் வண்ணப் பூச்சுமாகிய ஒரு பொறிக்காக இத்தனை ஏக்கமா என்று வியக்கலாம். ஆனால் மனிதன் ஏங்குவது பொறிக்காக அன்று. அதில் ஏறிய நாளில் தன் அருகே அமர்ந்திருந்தவர்களுக்காகத்தான்.

எங்கள் நினைவின் முதல் ஏடு சென்னை மிருகக்காட்சிசாலை. வண்டலூர் அன்று, சென்டிரல் நிலையத்துக்கு அருகே, ரிப்பன் மாளிகையை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த பழைய மிருகக்காட்சிசாலை. 1855-இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபர் என்னும் மருத்துவர் விலங்குகளைச் சேர்த்து வைத்ததே அதன் தொடக்கம் என்பர். 1860களில் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. நகரம் நெருங்கி வந்து, வண்டிகளின் இரைச்சல் மிகுந்து, கூண்டுகளுக்கு இடம் போதாமற்போகவே, வண்டலூர்க் காட்டில் புதிய பூங்கா அமைத்து, 1985-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் திறந்தார்கள். அதற்கு முந்திய ஆண்டு எங்கள் மூவரையும் அப்பா அங்கே அழைத்துச் சென்றார். மூத்தவருக்குப் பத்து வயது, கடைக்குட்டிக்கு நான்கு. சிங்கத்தின் கூண்டருகே அப்பா அவனைத் தோளில் ஏற்றிக் காட்டியது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அங்கிருந்து வெளியே வந்தால் மூர் மார்க்கெட். 1900-இல் திறக்கப்பட்ட அந்தச் செங்கல் நிறக் கட்டடத்தில் பழைய புத்தகங்கள், பொம்மைகள், கிளிகள், வண்ண மீன்கள், என்னதான் கிடைக்காது! விலை கேட்டுப் பாதியாகக் குறைத்துப் பேசும் கலையை அப்பா அங்கேதான் எங்களுக்குக் கற்பித்தார். அடுத்த முறை வரும்போது சாவி கொடுத்தால் ஓடும் ரயில் வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லி, எங்களைச் சமாதானப்படுத்தி அழைத்து வந்தார். அந்த அடுத்த முறை வரவேயில்லை. 1985-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் மூர் மார்க்கெட் தீக்கிரையாயிற்று. அதன் இடத்தில் பின்னர் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நாமெல்லாம் மின்சார ரயிலில் சென்டிரலுக்குப் போய் இறங்கும் இடம் அதுவே. நிலையத்தின் பெயரிலும் மூர் மார்க்கெட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அன்றாடம் வேலைக்குச் செல்வோர், தாம் பொம்மை கேட்டு அழுத இடத்தின் மேலேயே நடந்து போகிறோம்.

பின்னர் தீவுத்திடல் பொருட்காட்சியைப் பற்றிய பேச்சு எழுந்தது. பொங்கலையொட்டி நடக்கும் அக்காட்சி மறைந்துபோன ஒன்று அன்று. ஆயினும் நாங்கள் கண்ட பொருட்காட்சி வேறு. அரசுத் துறைகளின் அரங்குகளைப் பொறுமையாகச் சுற்றி வந்தால்தான் ராட்டினத்துக்குப் போகலாம் என்பது அப்பாவின் சட்டம். மரணக்கிணற்றின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தபோது, மரப்பலகைச் சுவரில் மோட்டார் சைக்கிள் சுற்றிச் சுற்றி மேலேறி வர, காலடிப் பலகையே அதிர்ந்தது. வண்டி ஏன் விழுவதில்லை என்று கேட்டோம். வேகமாகச் சுற்றும் வண்டியைச் சுவர் உள்நோக்கித் தள்ளுகிறது, அந்த அழுத்தத்தினால் சக்கரம் சுவரைப் பற்றிக்கொள்கிறது, வேகம் குறைந்தால் பிடியும் தளரும் என்று அப்பா தம் தொழிற்சாலை அறிவைக் கொண்டு விளக்கினார். திரும்பும்போது, முறம் போன்ற டெல்லி அப்பளத்தை மூவரும் ஆளுக்கொரு பக்கம் கடித்தோம்.

1995-இல் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா திறக்கப்பட்டது. ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்னும் முப்பரிமாணத் திரைப்படத்தை 1984-இல் அளித்த நவோதயா அப்பச்சன் உருவாக்கிய பூங்கா அது. படத்தில் நம்மை நோக்கி நீண்ட கைகளைப் பிடிக்கப் பார்த்த பிள்ளைகள் நாங்கள். அவர் அமைத்த பூங்காவைக் காணாமல் இருப்போமா? அடுத்த ஆண்டு, அப்பாவின் மிகைநேர ஊதியம் கைக்கு வந்ததும், இரண்டு பேருந்து மாறிச் சென்றோம். கடலையே அறியாதவர்கள்போல் அலைக்குளத்தில் கூத்தாடினோம். இத்தகைய குளங்களில் சுவருக்குப் பின்னாலுள்ள அறைகளில் காற்றை அழுத்தி நீரைத் தள்ளுகிறார்கள். அதுவே அலையாக எழுந்து வருகிறது. மூத்தவருக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலை தேடிக்கொண்டிருந்த காலம். கவலை மறந்து அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

எங்கள் நினைவிலுள்ள அந்தக் கிஷ்கிந்தா இன்று இல்லை. அதைப் பற்றிப் பேசும்போது ஒரு துயரத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. 2016-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே புதிதாக வந்த ராட்டினம் ஒன்றைப் பொதுமக்களுக்குத் திறக்குமுன், ஊழியர்களே ஏறிச் சோதித்துக்கொண்டிருந்தபோது அது சரிந்தது. ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். ஒன்பது பேர் காயமுற்றனர். நாம் அச்சமின்றி ஏற வேண்டும் என்பதற்காக, நமக்கு முன்னே ஏறிப் பார்க்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை அதுவரை நாங்கள் எண்ணிப் பார்த்ததேயில்லை.

எங்கள் மேற்குப் புறநகரிலேயே, பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர் நெடுஞ்சாலையில் குயின்ஸ்லேண்ட் வந்தபோது, பூந்தமல்லிச் சகோதரி தன் ஊருக்கே பெருமை வந்துவிட்டதாக எண்ணினாள். செம்பரம்பாக்கத்தில் ஈ.வி.பி. பூங்காவும் வந்தது. அந்த ராட்டினங்கள் இருந்த வளாகம் பின்னர் படப்பிடிப்புத் தளமாயிற்று. இன்றைய பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் வரும் ‘பிக் பாஸ்’ வீடு இருக்குமிடமாகவே அறிவார்கள். “அங்கே ராட்டினம் இருந்ததா?” என்று அவர்கள் வாய் பிளந்தபோது, நமக்கும் வயதாகிவிட்டது என்பதை உணர்ந்தோம்.

இப்படிப் பேச்சு வளர்ந்துகொண்டிருக்கையில், ஒன்பது வயதுப் பேத்தி, எங்கள் எல்லாரையும்விடச் சிறியவள், சுவரோரமாக அமர்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் கேட்டாள்: “பாட்டி, இதிலெல்லாம் உங்களுக்கு எது ரொம்பப் பிடித்தது?”

அம்மா சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “கிஷ்கிந்தாவில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மரம் இருந்தது. நல்ல நிழல். அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.”

“அது இல்லை பாட்டி. எதில் ஏறினீர்கள்?”

“நான் எதில் ஏறினேன்? கூடையை யார் பார்த்துக்கொள்வது?”

அவர் குறையாகச் சொல்லவில்லை. கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னார். ஆனால் எங்கள் மூவருக்கும் பேச்சு நின்றுவிட்டது.

அந்தக் கூடை எங்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. பச்சையும் வெள்ளையுமான ஒயர் கொண்டு அம்மாவே பின்னிய கூடை. அதில் புளிச்சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருக்கும்; பிளாஸ்க்கில் கடைக்குட்டிக்குப் பால் இருக்கும்; துண்டு, மாற்றுடை, தைலம், வாந்தி வந்தால் பிடிக்கப் பழைய காகிதப் பை இருக்கும். நாங்கள் குளத்தில் இறங்கும்போது கழற்றி எறிந்த செருப்புகளும், அப்பாவின் கைக்கடிகாரமும் அதனருகே சேரும். எங்கே சென்றாலும் முதலில் அம்மாவுக்கு ஒரு நிழலைத் தேடுவோம். ‘நீ இங்கேயே இரு, நாங்கள் வந்துவிடுகிறோம்’ என்போம். அம்மாவும் இருப்பார்.

பழைய ஒளிப்பட ஏட்டை எடுத்து வந்து புரட்டினோம். அப்பா எங்களோடு படகில் இருக்கிறார்; குதிரை ராட்டினத்தில் இருக்கிறார். அம்மா ஒரேயொரு படத்தில் இருக்கிறார். அதிலும் பாதி உருவம். மடியில் கூடை, பக்கத்தில் ஐந்தாறு இணைச் செருப்புகள். இன்று இல்லாமற்போன எந்தக் கேளிக்கையைப் பற்றி நாங்கள் மாலை முழுதும் ஏங்கினோமோ, அதில் ஒன்றிலேனும் அம்மா ஏறியதில்லை. நாங்கள் இழந்துவிட்டதாகப் பேசியவை அவருக்குக் கிடைத்ததேயில்லை.

ஏன் அப்படி ஆயிற்று என்று அன்றிரவு நாங்கள் மூவரும் எண்ணிப் பார்த்தோம். தொடக்கத்தில் காரணம் பணம். பொருட்காட்சியில் ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனிச்சீட்டு. ஐந்து சீட்டுக்குப் பணம் இல்லையென்றால் நான்கு வாங்குவது வழக்கம். சிறியவர்களைத் தனியே ஏற்ற முடியாது. ஆகவே அப்பா உடன் ஏறுவார். மிஞ்சுபவர் அம்மா. அதில் யாரையும் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கிஷ்கிந்தாவுக்குச் சென்றபோது நிலைமை வேறு. நுழைவாயிலில் ஐவருக்கும் முழுக்கட்டணம் செலுத்தினோம்; உள்ளே எதில் ஏறினாலும் தனிச்சீட்டு வேண்டியதில்லை. அப்போதும் அம்மா மரத்தடியிலேயே இருந்தார். குயின்ஸ்லேண்டுக்குச் சென்றபோது எங்களுக்கே சம்பாத்தியம் வந்துவிட்டது. அப்போதும் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா கீழேயே இருந்தார். பணம் இல்லாதபோது தொடங்கிய வழக்கம், பணம் வந்த பின்னும் தானாகவே தொடர்ந்தது. வறுமை எங்களை விட்டுப் போய்விட்டது. அது அம்மாவுக்குக் காட்டிய இடம் மட்டும் மாறவில்லை.

மறுநாள் காலை சகோதரி மெல்லக் கேட்டாள்: “ஏனம்மா, உனக்கு ஒருமுறைகூட ஆசை வந்ததில்லையா?”

“ஆசை வராமலா? பெரிய ராட்டினத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. அப்போது தம்பி கைக்குழந்தை. அப்புறம் நீங்கள் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.”

‘யாரும் கேட்கவில்லை’ என்னும் சொல் எங்களை ஆணியாய்த் தைத்தது. அம்மாவுக்கு உயரம் என்றால் பயம் என்று நாங்களாகவே ஒரு முடிவு கட்டி, எங்கள் பிள்ளைகளுக்கும் அதையே சொல்லி வைத்திருந்தோம்.

அம்மா ஆசைப்பட்ட அந்த ராட்டினத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1893-இல் சிகாகோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக ஜார்ஜ் ஃபெரிஸ் என்னும் பொறியாளர் முதன்முதலில் இரும்பினால் மாபெரும் ராட்டினம் ஒன்றை அமைத்தார். 264 அடி உயரம், 36 பெட்டிகள், ஒவ்வொன்றிலும் 60 பேர் வரை ஏறலாம். உலகமே வியந்த அந்த ராட்டினத்தை 1906-இல் வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கிவிட்டார்கள். ஆனால் 1897-இல் வியன்னா நகரில் எழுப்பிய ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. எது நிற்கும், எது போகும் என்று யார் அறிவார்? நிற்கும்போதே ஏறிவிட வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

வேறொரு செய்தியும் எங்கள் நினைவுக்கு வந்தது. 1955-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் பூங்காவைத் திறந்த வால்ட் டிஸ்னிக்கு அந்த எண்ணம் எங்கே தோன்றியது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பூங்கா ஒன்றில், தம் புதல்வியர் இருவரும் குதிரை ராட்டினத்தில் சுற்ற, தாம் மட்டும் ஒரு பெஞ்சில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு காத்திருந்தபோதுதான். பிள்ளைகள் விளையாடவும் பெற்றோர் காத்திருக்கவும் மட்டுமாக இல்லாமல், இருவரும் சேர்ந்து மகிழும் இடம் ஒன்று வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாம். அவர் சில நாட்கள் பெஞ்சில் அமர்ந்தார். அதிலிருந்து உலகப் புகழ் பெற்ற பூங்கா பிறந்தது. நம் வீட்டுத் தாய்மார் நாற்பது ஆண்டுகள் பெஞ்சில் அமர்ந்திருக்கிறார்கள். அதிலிருந்து என்ன பிறந்தது என்று கேட்டால், நாம்தான் விடை.

பிள்ளைகளோ திட்டத்தைக் கைவிடவில்லை. வரும் கோடை விடுமுறையில் இள்ளலூருக்குப் போவதென்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் பட்டியல் எழுதத் தொடங்கினார்கள். பதினொரு பேர், ஆளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம், வண்டிச் செலவு வேறு. நடுத்தரக் குடும்பங்களுக்கு எளிய தொகையன்று. அம்மா வழக்கம்போல், “நான் எதற்கு? அவ்வளவு பணம் கொடுத்து மரத்தடியில் உட்கார வேண்டுமா? வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். கணக்குப்படி அவர் சொன்னது சரி. ஆனால் எங்கள் பழைய கணக்கே தவறு என்பதை நாங்கள் அப்போது அறிந்திருந்தோம்.

ஆகவே பட்டியலின் முதல் வரியை மாற்றி எழுதச் சொன்னோம். ‘எதில் ஏறுவது’ என்பதற்கு முன், ‘கூடைக்கு யார் காவல்’ என்று எழுதினார்கள். மணிக்கு ஒருவராகப் பதினொருவரும் முறை வைத்துக்கொள்வது. பன்னிரண்டு வயதானவனுக்கும் ஒரு முறை உண்டு. மருமகன்களுக்கும் மருமகள்களுக்கும் உண்டு. பின்னர், அம்மாவின் வயதுக்கும் முழங்காலுக்கும் எவை ஏற்றவை என்று பார்த்தோம். வேகமாகக் குலுக்குபவை ஆகா. முதல் மேட்டுக்குச் சங்கிலி இழுத்துச் சென்று, அதன்பின் புவியீர்ப்பினாலேயே பாய்ந்து ஓடும் ரோலர் கோஸ்டர் இளையோருக்கே உரியது. இதய நோயும் கழுத்து வலியும் உள்ளவர்களை அதில் ஏற்றவும் மாட்டார்கள். மெல்லச் சுற்றுபவை ஆகலாம். மருத்துவரிடமும் கேட்டோம். பரிசோதித்துவிட்டு, “மெதுவாகச் சுற்றுவதானால் தாராளமாக ஏறட்டும், படியேறும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

ஆனால் கோடை வரைக்கும் காத்திருக்க எங்களுக்கு மனம் வரவில்லை. ‘அடுத்த முறை’ என்று அப்பா சொன்ன ரயில் வண்டியின் கதை எங்களுக்குத் தெரியுமன்றோ? பிப்ரவரி மாதம் அண்டைப் பங்கில் திருவிழா நடந்தது. தேர்ப்பவனி நாளன்று மைதானத்தில் வளையற்கடை, பஞ்சுமிட்டாய்க்கடை, பலூன் சுடும் கடை ஆகியவற்றோடு ஒரு பெரிய ராட்டினமும் நின்றது. பூங்காவில் இருப்பதுபோல் வானளாவியதன்று. நான்கைந்து ஆள் உயரம் இருக்கும். எங்கள் சிறுவயதில் திருவிழாவுக்கு வந்தது மரத்தொட்டி ராட்டினம். இரண்டு ஆட்கள் கையால் இழுத்துச் சுற்றுவார்கள். இதற்கோ மின்மோட்டார் இருந்தது.

ராட்டினக்காரரிடம் சென்று, “ஐயா, எங்கள் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது. மெதுவாகச் சுற்றுவீர்களா?” என்று கேட்டோம். அவர் அம்மாவை ஒருமுறை பார்த்தார். “கூட்டம் குறையட்டும் அம்மா. கடைசிச் சுற்றாக மெதுவாக விடுகிறேன்” என்றார். சொன்னபடியே ஒன்பது மணிக்குமேல் எங்களைக் கைகாட்டி அழைத்தார். தாமே அம்மாவின் கையைப் பிடித்துத் தொட்டியில் அமர வைத்து, குறுக்குக் கம்பியை மாட்டி, இருமுறை இழுத்துப் பார்த்தார். அம்மாவுக்கு ஒருபுறம் சகோதரி, மறுபுறம் சின்னப் பேத்தி. மற்றவர்கள் கீழே நின்றோம். அம்மாவின் கைப்பை, கண்ணாடிக்கூடு, செருப்பு, திருவிழாக் கடையில் வாங்கிய பொரியும் பேரீச்சம்பழமும் இப்போது எங்கள் பொறுப்பில்.

ராட்டினம் மெல்ல எழும்பியது. வாழ்நாளில் முதன்முறையாக நாங்கள் கீழேயிருந்து பார்த்தோம். கீழே நிற்பவருக்குத் தெரிவதெல்லாம் ஒரு நிழலுருவம். சேலைத் தலைப்பின் ஒரு முனை. இருட்டில் மேலேறி, உச்சியில் ஒரு கணம் நின்று, மீண்டும் இறங்கி வரும் ஒரு தொட்டி. அது இறங்கி வரும் வரை வேறெதையும் பார்க்கத் தோன்றவில்லை. கம்பி சரியாக மாட்டியிருக்குமா, கை நழுவுமா, தலை சுற்றுமா என்று மனம் ஒவ்வொரு சுற்றுக்கும் தவித்தது. பெஞ்சில் இருப்பது ஓய்வு என்றுதான் இத்தனை நாள் எண்ணியிருந்தோம். அம்மா அந்த மரத்தடியில் ஒருநாளும் ஓய்ந்திருக்கவில்லை என்பது அன்றுதான் புரிந்தது.

ஐந்தாறு சுற்றுக்குப் பின் ராட்டினம் நின்றது. அம்மா இறங்கினார். கலைந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். நாங்கள் சுற்றி நின்று, எப்படி இருந்தது என்று கேட்டோம்.

“மேலே நல்ல காற்று. கோயில் மணிக்கூண்டு விளக்கு கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. தேரும் தெரிந்தது. உங்கள் அப்பாவும் பார்த்திருக்கலாம்” என்றார். பின்பு குனிந்து, “என் செருப்பு எங்கே?” என்று கேட்டார்.

செருப்பு பத்திரமாக இருந்தது. ஆவடிப் பேரன் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். வீடு திரும்பியதும், யாரும் சொல்லாமலேயே, அந்த நோட்டுப் புத்தகத்தின் முதல் காவலுக்குத் தன் பெயரை எழுதினான்.

மறுநாள் காலை அவ்வழியே சென்றபோது ராட்டினத்தைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஊர்த் திருவிழாவுக்குப் போகிறது. மைதானத்தில் அது நின்ற தடமாக நான்கு குழிகள் மட்டுமே இருந்தன. அதுவும் எங்கள் குடும்பத்துக்கு இனி மறைந்துபோன ராட்டினங்களுள் ஒன்று. ஆனால் இதைப் பற்றிப் பேசும்போது அம்மாவும் எங்களோடு சேர்ந்து பேசுவார்.

வாசக அன்பர்களே, கோடை விடுமுறைக்கு எங்கே செல்லலாம் என்று உங்கள் இல்லங்களிலும் பேசிக்கொண்டிருப்பீர்கள். செலவு செய்து தொலைதூரப் பூங்காவுக்குச் செல்வோரும் இருப்பீர்கள்; உள்ளூர்த் திருவிழா ராட்டினத்தோடு நிறைவு கொள்வோரும் இருப்பீர்கள். எங்கே செல்லினும், புறப்படுமுன் ஒரு கேள்வியைக் கேளுங்கள். சென்ற முறை கூடையைக் காத்தவர் யார்? இம்முறை அவரை முதலில் ஏற்றுங்கள்.